நெல்வயல் கார்டனில் கொடும்பாவி

சண்முகத்தாய் ஆட்டைத் திட்டுகிறாள் என்றால் மருமகன் வீட்டில் இருக்கிறான் என்று நொச்சிக்குளத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"தின்ன வீட்டுக்கே ரெண்டகம் பண்ணுத மூதி! ஒனக்குக் கொழை ஒடிச்சுப் போட்டது இந்தக் கைதான? கஞ்சித்தண்ணி வச்சது இந்தக் கைதான? கடைசியில என் வாயிலயே மண்ண அள்ளிப் போட்டுட்டியே, நீ வெளங்குவியா?"

ஆடு முருங்கைக் குழையை மென்றபடி அவளைப் பார்த்தது. மண்ணள்ளிப் போடுகிற வசதியெல்லாம் அதற்குக் கிடையாது. அந்த வசதி உள்ளவன் உள்ளே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். பெயர் லிங்கேஸ்வரன். ஜேசிபி ஓட்டுகிறவன்.

மருமகனை மாமியார் நேருக்கு நேர் பேசுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. சோறு போட்டாலும் கதவுக்குப் பின்னால் நின்று, "இன்னும் ரெண்டு வச்சுக்கிடச் சொல்லுட்டி" என்று மகளிடம்தான் சொல்ல வேண்டும். திட்டுவதற்கு மகள் தோதுப்பட மாட்டாள். அவள் திருப்பித் திட்டுவாள். அதற்குத்தான் ஆடு.

"ஏட்டி, ஒங்க அம்மா காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டா" என்றான் லிங்கேஸ்வரன்.

"ஆட்டைத்தான ஏசுறா. ஒங்களுக்கு ஏன் குத்துது?" என்றாள் அவன் மனைவி மாரிச்செல்வி. சட்னியை ஊற்றிவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தினாள். "யம்மா! போதும். ஆடு அழுதிரப் போவுது!"

விஷயம் இதுதான். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டைவிட்டு மேற்கே மலையைப் பார்த்துப் போனால் நொச்சிக்குளம். ரெண்டு ஊரும் ரெண்டு பக்கத்திலிருந்தும் வீங்கி வந்துகொண்டிருந்தன. முதலில் கல்யாண மண்டபம் வந்தது, பிறகு பெட்ரோல் பங்க், பிறகு மனை விற்கிறவர்கள் நடுகிற கலர்க் கொடி. நொச்சிக்குளத்துக் கண்மாய்க்குக் கீழே வயலை விற்றவர்களிடமெல்லாம் வாங்கிச் சேர்த்து, கல் ஊன்றி, மனை பிரித்திருந்தார் விக்னேஸ்வரன் என்கிற புரோமோட்டர். வாசலில் ஆர்ச். ஆர்ச்சின் மேல் 'நெல்வயல் கார்டன்'. நெல்லை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்.

கண்மாய் மடையிலிருந்து வருகிற வாய்க்கால் இந்த ஆர்ச்சுக்கு நேராகக் குறுக்கே ஓடி, அதற்குக் கிழக்கே மிச்சமிருக்கிற வயல்களுக்குப் பாய்கிறது. வாய்க்கால் மேல் கார் ஏறாது. அதனால் வாசலில் ஒரு பஸ் நிற்கிற நீளத்துக்குச் சரள் மண்ணைக் கொட்டி மூடியாயிற்று. மூடியது லிங்கேஸ்வரன். மூடியதோடு நில்லாமல், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று மனைப் பக்கத்து வாய்க்கால் கரையையும் வழித்துத் தரையோடு தரையாக்கியிருந்தான். தொழிலில் சுத்தமானவன்.

கிழக்கே மிச்சமிருக்கிற வயல்களில் ஒன்று சண்முகத்தாயுடையது. அவளுக்கு இருக்கிற ஒரே வயல். நெல் கதிர் தள்ளப் போகிற பொதியில் நின்றது. பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடுவதும் பொதி நெல்லைக் காயப் போடுவதும் ஒன்றுதான். இந்த வாரத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை என்றால் வருகிற கதிரெல்லாம் வெறும் சாவி, மணி பிடிக்காத பதர். கண்மாயில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருக்கிறது, வயலில் வெடிப்பு விழுகிறது. இந்தக் கூத்து அவள் ஆயுசில் பார்க்காதது.

விக்னேஸ்வரனிடம் போய்க் கேட்டாள். அவர் நாற்காலி போடச் சொன்னார், காப்பி வாங்கிவரச் சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லை.

"ஞாயித்துக்கெழமை மனை விற்பனை விழா இருக்குக்கா. அது முடியட்டும். பொறவு பைப் போட்டுத் தாரேன்."

"ஞாயித்துக்கெழமைக்குப் பொறவு எந்த ஞாயித்துக்கெழம?"

"இப்படிக் கேட்டா நான் என்ன சொல்ல? நான் ஒண்ணும் புடுங்கிக்கிடலயேக்கா. வித்தவன்கிட்ட வாங்குனேன். எங்க அப்பாவும் வயக்காட்டுல கெடந்து செத்தவருதான். நான் சாகமாட்டேன்னு இந்தத் தொழிலுக்கு வந்துட்டேன்."

அதிலும் பொய் இல்லை. சண்முகத்தாய் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருந்தாள், வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மனுவுக்கு நேரம் காலம் உண்டு. பொதி நெல்லுக்கு அது புரியாது.

இதற்கு நடுவில் மகளும் எதிர்க்கட்சி. கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, விக்னேஸ்வரன் லிங்கேஸ்வரனுக்கு ஒரு கார்னர் மனையை ஒதுக்கியிருந்தார். மாரிச்செல்வி தினமும் சாயங்காலம் அங்கே போய் நிற்பாள். கோலப்பொடியால் கோடு இழுத்து, இது ஹால், இது அடுப்பங்கரை, இது பூஜை ரூம் என்று பிரித்து வைத்திருந்தாள். அடுப்பங்கரைக் கோட்டைத் தாண்டி யாராவது மிதித்தால், "வாசல் அங்குட்டு இருக்குல்ல, சுவரு வழியா வாரியே" என்று சண்டைக்குப் போவாள்.

வெள்ளிக்கிழமை, களையெடுப்புக்குப் போன பெண்கள் வரப்பில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தபோதுதான் சண்முகத்தாய் அதைச் சொன்னாள்.

"கொடும்பாவி கட்டுவமா?"

மழை பொய்த்த வருசங்களில் அந்த ஊரில் கொடும்பாவி கட்டுவார்கள். ஊரில் எவனோ பெரும் பாவம் செய்ததால்தான் வானம் தண்ணீர் தர மறுக்கிறது என்பது கணக்கு. அந்தப் பாவியை வைக்கோலால் செய்து, பாடையில் ஏற்றி, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து இழுத்துக்கொண்டு போய் எரிப்பார்கள். நொச்சிக்குளத்தில் ஒப்பாரிக்குச் சண்முகத்தாயை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் அழுதால் செத்தவனுக்குக் கடன் கொடுத்தவன்கூட அழுவான்.

மடை திறந்து தண்ணீர் திருப்புகிற நீர்ப்பாய்ச்சி வீரணனும் அங்கே இருந்தான். அவன் சிரித்துவிட்டான்.

"ஏ மதினி, கம்மா நெறைஞ்சு கெடக்கு. இப்ப போய் கொடும்பாவி கட்டுனா வருண பகவான் கொழம்பிப் போயிருவாரு. இன்னும் எம்புட்டுத்தான் பெய்யன்னு நம்மளையே கேப்பாரு."

"ஏலே வீரணா, வானம் தரலன்னாத்தான் பாவியா? வானம் தந்ததை மறிச்சவன் பாவி இல்லையா?"

வீரணன் வெங்காயத்தைக் கடித்தான். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது.

"எரிக்க எங்குட்டுக் கொண்டு போவ?"

"தண்ணி போற பாதையிலதான கொண்டு போவணும். வாய்க்கா வழியா." சண்முகத்தாய் ஆர்ச்சைக் கைகாட்டினாள். "ஞாயித்துக்கெழம. அவுக பந்தல்ல ஆளு நெறைஞ்ச பொறவு."

பெண்களுக்கு அப்போதுதான் புரிந்தது. மனை வாங்க வருகிறவர்கள் ரோடு கேட்பார்கள், தண்ணீர் கேட்பார்கள். எல்லாம் கேட்டு முடித்துக் கடைசியில் குரலைத் தணித்துக் கேட்பது ஒன்று உண்டு. பிணம் போகிற பாதை பக்கத்தில் இருக்கிறதா?

ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள்.

சனிக்கிழமை பொழுது சாய வைக்கோல் பிரியைச் சுற்றி ஆள் தயாரானான். தலைக்கு ஒரு மண்சட்டி. அதில் கரியால் கண்ணும் மீசையும். சட்டை வேண்டும். சண்முகத்தாய் வீட்டுக் கொடியில் காய்ந்த ஒரு மஞ்சள் பனியன் சட்டையை உருவி வந்து மாட்டினாள். ஜேசிபியும் மஞ்சள், சட்டையும் மஞ்சள், பாவிக்குப் பொருத்தமாக இருக்கும் என்பதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லிங்கேஸ்வரன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான்.

"ஏட்டி, கம்பெனி குடுத்த டீசர்ட்டு எங்க? அதைப் போட்டுக்கிட்டுத்தான் வண்டியில உக்காரணும்னு சொல்லியிருக்காக."

"கொடியிலதான் கெடந்துச்சு. காத்துல போயிருக்கும்."

"காத்து வந்து கிளிப்பைக் கழட்டிட்டா கொண்டு போவும்?"

ஆடு வெளியே கத்தியது. இன்றைக்கு அதை யாரும் திட்டவில்லை என்பதை அவன் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

நெல்வயல் கார்டனில் பந்தல், நாற்காலி, ஸ்பீக்கர். ஜேசிபிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வேன்கள் ஆட்களை இறக்கின. இறங்கியவர்களுக்கெல்லாம் பால்கோவா பொட்டலம். பிரியாணி அண்டாக்களோடு வந்த டெம்போ மட்டும், புது மண்ணில் சக்கரம் பதியும் என்று டிரைவர் பயந்து, ஆர்ச்சுக்கு வெளியிலேயே நின்றுகொண்டது.

முன்வரிசையில் அகமது கபீரும் அவர் மனைவி நூர்பானுவும் உட்கார்ந்திருந்தார்கள். கபீர் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். வியாபாரத்தில் சூரர், வீட்டு விஷயத்தில் நூர்பானு சொன்னதுதான். சுவரில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டிய வாடகை வீட்டில் குடியிருந்து அலுத்துப் போனவள் அவள்.

"ரோடு எத்தனை அடி?" என்று கேட்டாள். சொன்னார்கள். "கரண்டு?" வந்துவிட்டது. "தண்ணி?"

"தண்ணியா!" விக்னேஸ்வரன் மலையைக் காட்டினார். "மலையடிவாரம் மேடம். கொஞ்சம் நோண்டுனாப் போதும். பால்கோவா மாதிரி இனிக்கும்."

நூர்பானு குரலைத் தணித்தாள். "பக்கத்துல சுடுகாடு, பொணம் கொண்டு போற பாதை, அப்படி ஏதும் இல்லையே?"

"ஐயோ மேடம். இந்த ஏரியாவுல சத்தம்னு கேட்டா அது மயிலு அகவுற சத்தம் மட்டும்தான்."

அப்போது சங்கு ஊதியது.

இன்னொரு தடவை, நீளமாக ஊதியது. கூடவே எவர்சில்வர் தட்டுகளும் பிளாஸ்டிக் குடங்களும் அடிபடுகிற சத்தம்.

"இதுதான் அந்த மயிலா?" என்றார் அகமது கபீர்.

வீரணன் சங்கோடு முன்னால் வந்தான். பின்னால் பச்சைத் தென்னமட்டைப் பாடையைத் தூக்கிக்கொண்டு பெண்கள். பாடைமேல் வெள்ளைத் துணி மூடிய ஓர் ஆள். நேராக ஆர்ச்சுக்குக் கீழே வந்து, வாய்க்கால் புதைந்து கிடக்கிற இடத்தில் பாடையை இறக்கினார்கள். சண்முகத்தாய் கூந்தலை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள் பாருங்கள் ஒரு குரல், ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்த பாட்டு தானாக அமுங்கிவிட்டது.

"மலையில பேஞ்ச தண்ணி – என்னப் பெத்தவரே
மடையேறி வந்த தண்ணி
வழியில மாண்டிருச்சே – என்னப் பெத்தவரே
வயக்காடு காணலயே!"

பெண்கள் 'ஆ... ஊ...' என்று சேர்ந்து எடுத்தார்கள். அடுத்த அடிக்கு அவள் லேசாகத் திரும்பி, ஜேசிபி மேல் உட்கார்ந்திருந்தவன் பக்கம் பார்த்துக்கொண்டே பாடினாள்.

"மஞ்ச யானை ஒண்ணு – நான்
மவராசன்னு வளத்தேனே
கஞ்சி ஊத்துன கைய – அது
கால்வாய்க்குள்ள பொதைச்சிருச்சே!"

ஒப்பாரியில் யாரை வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்கு வழக்கம் குறுக்கே வராது.

பந்தலில் சலசலப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் எழுந்து, "வண்டிய எடுக்கச் சொல்லுப்பா" என்றார். அவர் மனைவி பால்கோவாவை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். நூர்பானு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். கூந்தல் இடுக்கு வழியாகச் சண்முகத்தாய் அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் அழுதாள். எல்லாம் நினைத்தபடி நடந்தது.

காற்று வந்து பாடைத் துணியை விலக்கும்வரை.

"ஏய்! அது என் டீசர்ட்டு!"

லிங்கேஸ்வரன் ஜேசிபியிலிருந்து குதித்து ஓடிவந்தான். பிணத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி உலுக்கினான். கை ஒன்று வைக்கோலாகக் கழன்று விழுந்தது. சட்டியாகிய தலை உருண்டு போய் நூர்பானுவின் காலடியில் நின்றது. அவள் அலறினாள். பிறகு குனிந்து பார்த்தாள். ஒரு பக்கத்து மீசை மேலேயும் மறுபக்கத்து மீசை கீழேயும் இருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லிங்கேஸ்வரன் கையில் தொங்கிய சட்டையின் முதுகில் பெரிய எழுத்தில் 'நெல்வயல் கார்டன்' என்று இருந்தது. பந்தல் முழுக்க அதை வாசித்தது.

"கொல்லுதேன்னு வந்திருக்கு பாரு சனியன்" என்று சண்முகத்தாய் ஜேசிபியைப் பார்த்துத் திட்டினாள். ஆடு பக்கத்தில் இல்லாத குறை. "பொம்மைச் சட்டைக்கு மல்லுக்கு நிக்குத மூதி. ஒன் டயரு வெடிக்க!"

விக்னேஸ்வரனுக்கு உயிர் வந்தது. மைக்கைப் பிடித்தார்.

"உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க! பாத்தீங்களா, பொணமே கெடையாது. வெறும் வைக்கோல் பொம்மை. கொடும்பாவி! இது கிராமத்துப் பழக்கம். பயப்பட ஒண்ணுமே இல்ல."

"கொடும்பாவின்னா என்ன?" நூர்பானு சட்டித்தலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அது ஒண்ணுமில்ல மேடம். தண்ணி இல்லாத ஊருல..."

நாக்கைக் கடித்தார். சொல் மைக்குக்குள் போய்விட்டது. நான்கு ஸ்பீக்கரிலும் அது வெளியே வந்தது.

"தண்ணி இல்லையா இங்க?" என்றார் அகமது கபீர்.

"இருக்கு பாய்! தாராளமா இருக்கு! கம்மா நெறைய இருக்கு, அந்தா தெரியுது பாருங்க."

"கம்மா நெறைய இருந்தா எதுக்கு இவுக அழுவுறாக?"

"அது... வயலுக்கு வரலன்னு."

"ஏன் வரல?"

"வாய்க்கா அடைச்சிருக்கு."

"யாரு அடைச்சது?"

விக்னேஸ்வரன் மைக்கை அணைத்தார். பிணம் என்று ஒத்துக்கொண்டால் மனை போகும். பொம்மை என்று சொன்னால் தண்ணீர் போகும். தண்ணீர் உண்டென்று சொன்னால் மானம் போகும். தொழிலுக்கு வந்த நாளாக அவர் இப்படி மாட்டியதில்லை.

நூர்பானு எழுந்து சண்முகத்தாயிடம் போனாள். "யக்கா, நீங்க சொல்லுங்க. தண்ணி உண்டா இல்லையா?"

சண்முகத்தாய் கூந்தலை அள்ளி முடிந்தாள். "உண்டுத்தா. இப்ப நீ நிக்கியே, ஒன் காலுக்குக் கீழதான் வாய்க்கா கெடக்கு. பொதைச்ச எடத்துல வந்து அழாம, வேற எங்க போய் அழச் சொல்லுத?"

நூர்பானு காலைப் பார்த்தாள். செருப்புக் காலைத் தூக்கி ஒரு எட்டுத் தள்ளி வைத்தாள்.

"தோண்டிக் காட்டச் சொல்லுங்க" என்றாள் கணவனிடம். "தண்ணி வருதான்னு கண்ணால பாத்தாத்தான் மத்த பேச்சு."

"ஆமா, தோண்டட்டும்" என்று பந்தலில் பல குரல்கள். சினிமா இலவசமாகக் கிடைத்தால் யார் எழுந்து போவார்கள்?

விக்னேஸ்வரன் நல்ல வியாபாரி. பாதாளத்தில் விழுந்தாலும் அங்கே எத்தனை மனை பிரிக்கலாம் என்று பார்க்கிறவர். மைக்கை மறுபடி போட்டார். "வாசல்ல வாய்க்கா ஓடுற மனை! இது எங்கயும் கெடைக்காது. அதைத் தொறந்து காட்டத்தான் இன்னைக்கு விழாவே! லிங்கம், வண்டிய எடு!"

லிங்கேஸ்வரன் போட்டிருந்த சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் பனியனோடு ஏறி உட்கார்ந்தான். தான் கொட்டிய மண்ணைத் தானே அள்ளினான். கொட்டுவதைவிட அள்ளுவது சுலபமாக இருந்தது. பழைய தடம் தெரிந்ததும் வீரணன் கண்மாய்க் கரைக்கு ஓடினான். கொஞ்சமாகத் திறந்திருந்தால் போதும். இத்தனை டவுன்காரர்கள் பார்க்கிறார்கள் என்ற உற்சாகத்தில் மடையை முழுசாகத் தூக்கிவிட்டான்.

தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்தது. ஆர்ச்சுக்குக் கீழே வந்ததும் கிழக்கே போக வேண்டியது, போகவில்லை. மனைப் பக்கத்தில் கரை இல்லை. அதைத்தான் அழகுக்காக வழித்தாயிற்றே. தண்ணீருக்கு நகர் பெயரும் தெரியாது, தெருப் பெயரும் தெரியாது. பள்ளம் தெரியும். நெல்வயல் கார்டனில் ஆகப் பள்ளமான மூலையைப் பார்த்துப் போனது.

அந்த மூலையில் எல்லைக்கல் மேல் உட்கார்ந்து, கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள் மாரிச்செல்வி.

"ஏங்க! இங்க பாருங்க! ஏங்க! அடுப்பங்கரைக்குள்ள தண்ணி!"

ஹால் போனது. பூஜை ரூம் போனது. கோலப்பொடிக் கோடெல்லாம் கரைந்து பால் மாதிரி மிதந்தது. மாரிச்செல்வி புடவையைத் தூக்கிக்கொண்டு கல்மேல் ஏறி நின்றாள்.

"நமக்குக் குடுத்த மனை கொளம்ங்க! கொளத்தையா ஒங்க தலையில கட்டிருக்காக! ஏங்க, வண்டிய இங்குட்டுத் திருப்புங்க, கரையப் போடுங்க!"

அதற்குப் பிறகு லிங்கேஸ்வரனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டியைச் சுழற்றினான். ரோட்டுச் சரளை அள்ளி, தான் வழித்த இடத்திலேயே கொட்டி, வாளியின் முதுகால் தட்டித் தட்டிக் கரை எழுப்பினான். அந்த வேகத்தில் அவன் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. விக்னேஸ்வரன், "லிங்கம், மெதுவா, ரோடு போவுதுலே!" என்று கத்தினார். ஜேசிபிச் சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் கேட்டிருக்க மாட்டான். பழைய கரையைவிட உயரமான கரை நின்றது. தண்ணீர் அதில் முட்டி, செத்த நேரம் யோசித்து, கிழக்கே திரும்பியது.

சண்முகத்தாய் மண்வெட்டியோடு தண்ணீருக்கு முன்னால் நடந்தாள். சருகு அடைத்த இடத்தில் காலால் தள்ளிவிட்டாள். உருண்டு வந்த வைக்கோல் கையையும் எடுத்து வெளியே போட்டாள். அவள் வயல் வாய்மடையில் தண்ணீர் ஏறியபோது வெடிப்புகள் 'குபுக் குபுக்' என்று குடிக்கிற சத்தம் கேட்டது. அவள் வரப்பில் உட்கார்ந்தாள். இப்போது உண்மையாகவே கொஞ்சம் அழுதாள். அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரோடு வெட்டுப்பட்டுவிட்டது. ஆட்களும் வேன்களும் இந்தப் பக்கம், பிரியாணி அந்தப் பக்கம். பசிக்கிற நேரம். கடைசியில் கொடும்பாவி தூக்கி வந்த பெண்களே முழங்கால் தண்ணீரில் இறங்கி அண்டாக்களைத் தூக்கிவந்து வைத்தார்கள். விக்னேஸ்வரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் சாப்பிடுங்கக்கா. ஆனது ஆயிப்போச்சு" என்றார்.

வீரணன் இலையை வழித்துத் தின்றுவிட்டுச் சொன்னான். "எம்புட்டோ எழவு வீட்டுல சாப்பிட்டிருக்கேன். இது மாதிரி கெடையாது."

நூர்பானு கணவனிடம், "நான் வூடுதான் கேட்டேன். மீன் வளக்கத் தொட்டி கேக்கல" என்றாள். ஜேசிபி கட்டி இழுத்து வாய்க்காலைத் தாண்டிவிட்ட வேனில் ஏறுமுன் சண்முகத்தாயைத் தேடிப் போய் அந்தச் சட்டித்தலையைக் கொடுத்தாள். "அடுத்த தடவ மீசைய நேரா வரைங்கக்கா. தூரத்துல பாக்கதுக்கு எங்க வீட்டு ஓனரு மாதிரியே இருக்கு."

இதனால் நெல்வயல் கார்டன் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேட்டுப் பக்கத்து மனைகளுக்கு அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தவர்களும் உண்டு. 'வாசலில் வாய்க்கால்' என்று நோட்டீஸிலும் சேர்த்துவிட்டார் விக்னேஸ்வரன்.

திங்கட்கிழமை அவர் லிங்கேஸ்வரனுக்குப் போன் போட்டு, வாசலை மூடச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஹைட்ராலிக் ஹோஸ் போச்சு. பார்ட்ஸ் வரணும்."

வேறு ஜேசிபியைக் கூப்பிட்டார். அந்த வண்டிக்கும் ஹோஸ் போயிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் அந்த வாரம் ஹோஸ் போகாத வண்டியே இல்லை. கார் உள்ளே போக வழியில்லாமல் பத்து நாளைக்குள் பெரிய சிமெண்ட் பைப்பாகவே வாங்கிப் போட்டார் விக்னேஸ்வரன். கார்னர் மனையை மாரிச்செல்வியே நேரில் போய்த் திருப்பிக் கொடுத்து, கூலியாக வாங்கி வந்தாள். அவள் போய்க் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது.

கொடும்பாவியை மட்டும் எரிக்கவில்லை. கட்டிய பாவியை எரிக்காமல் வைத்தால் ஊருக்கு ஆகாது என்று வீரணன் பிடிவாதம் பிடித்தான். சண்முகத்தாய் கேட்கவில்லை. கண்மாய்க்கு வடக்கே இன்னொரு வயலில் புதுசாகப் பச்சைக் கொடி நட்டிருந்தார்கள்.

"அங்க ஒரு சோலி இருக்குல்ல. அதுக்குப் பொறவு எரிச்சுக்கிடலாம்" என்று கொண்டுவந்து ஆட்டுக் கொட்டடியில் சாய்த்து வைத்தாள்.

பைப் போட்டு முடிந்த அன்று மத்தியானம் லிங்கேஸ்வரன் வேலை முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். மாரிச்செல்வி குழாயடிக்குப் போயிருந்தாள். வீட்டில் மாமியார் மட்டும்தான். வெளியே நிற்பதா உள்ளே போவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

கொட்டடியில் ஆடு கொடும்பாவியின் ஒற்றைக் காலை முழங்கால்வரை தின்று முடித்திருந்தது. சண்முகத்தாய் அதைப் பார்த்தாள். மருமகன் காதில் விழுகிற மாதிரி, ஆனால் ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"கருவாட்டுக் கொழம்பு அடுப்புல சூடாத்தான் இருக்கு. வயிறு காயப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னா என்ன அர்த்தம்? போட்டுத் தின்னத் தெரியாதாக்கும்."

ஆடு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி காலைத் தின்றது. லிங்கேஸ்வரன் உள்ளே போய்த் தட்டை எடுத்தான்.